ஏழாம் நம்பர் மைக்ராஸ்கோப்

இனிமேல் எங்கள் கல்லூரிக்கு யார் எதைக் கொடுத்தாலும் அதன் மேல் பெயின்ட்டால் பெயர் எழுதக் கூடாதாம். வாசலில் ஒரு பெரிய டிவி மாட்டி, கொடுத்தவர்கள் பெயரை அதில் வரிசையாக ஓடவிடப் போகிறார்களாம். போன மாதம் பிரகாஷ் போனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த லேப் அட்டென்டன்ட் அவன். "அங்கிள், பேரு எழுதின கதையெல்லாம் காலேஜ் மேகசினுக்கு எழுதிக் குடுங்க. இங்க யாருக்குமே எதுவும் தெரியாது" என்றான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவன் அம்மா வாசித்துக் காட்டுவாராம். ஆகவே, பிரகாஷின் அம்மாவுக்கு என் வணக்கம். இந்தக் கதையில் உங்கள் பையன் கடைசியில்தான் வருவான், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூரில் இருக்கிற அந்தக் கல்லூரியின் உயிரியல் லேபில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்ததும் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணாடிக் குழாய் கழுவ ஒரு வாரம், தவளை பிடிக்க ஒரு வாரம். தவளைக்கு என்னைக் கண்டால் பயமில்லை, எனக்குத்தான் அதைக் கண்டால் பயம் என்று மூன்றாவது வாரம் தெரிந்துபோனது. அத்தோடு பயிற்சி முடிந்தது. மற்றதெல்லாம் உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் தாராவி என்று முகவரி எழுதினாலே "சீட் எல்லாம் ஃபுல்" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தருவார்கள். தோல் பதனிடுகிறவர்கள் பிள்ளை, தெருக் கூட்டுகிறவர்கள் பிள்ளை என்று தெரிந்தால் சீட் இன்னும் சீக்கிரமாக ஃபுல் ஆகிவிடும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி இது. தாராவியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைதான் அதைத் தூக்கி நிறுத்தியது. வருஷத்தில் ஒரு ஞாயிறு கல்லூரி ஞாயிறு. அன்று ஆராதனை முடிந்ததும் சபை மொத்தமும் பஸ் பிடித்து வந்து கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும். ஜெபமும் பிரியாணியும் உண்டு.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பாஸ்டர் அமெரிக்கா போய் வந்தார். அங்கே கறுப்பின மக்களின் பிள்ளைகளை மற்ற கல்லூரிகள் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று கல்லூரிகள் எழும்பினவாம். சபைகள் இன்றுவரை அவற்றைத் தாங்கிக்கொண்டு இருக்கின்றனவாம். அதைச் சொல்லும்போது பாஸ்டர் அழுதுவிட்டார். நாங்களும் அழுதோம். அங்கேயாவது பிரசங்கத்தை முடித்திருக்கலாம். முடிக்காமல், "நான் பார்த்த கல்லூரியில் ஒவ்வொரு பெஞ்சிலும் கொடுத்தவர்கள் பெயர் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் இருக்கிறது" என்று சேர்த்துச் சொன்னார்.

அடுத்த மாதமே கல்லூரிக்குச் சாமான்கள் வர ஆரம்பித்துவிட்டன. பெஞ்ச், பீரோ, ஸ்டூல், மின்விசிறி, சுவர்க்கடிகாரம், வாளி எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் பெயர் வேண்டும் என்றார்கள். பித்தளைத் தகடு கட்டுப்படியாகாது, எனாமல் பெயின்ட் போதும் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. சபையின் கரும்பலகையில் வாரா வாரம் வசனம் எழுதுகிறவன் நான். "தங்கராசு கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா" என்றார்கள். அப்படியே பிரஷ் என் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அது பெருமையடிப்பதாம். இறந்துபோன அப்பா, அம்மா, கணவர் பெயரைப் போட்டு "நினைவாக" என்று முடிக்க வேண்டும். அதில் மட்டும் பெருமை குறையக் கூடாது. வாளியில் நாலு வரி எழுதச் சொல்லுவார்கள். மின்விசிறிக்கு மூன்று இறக்கை இருப்பதால் முதல் இறக்கையில் "அமரர்", இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் "நினைவாக" என்று நான் ஒரு முறை வகுத்து வைத்திருந்தேன்.

எல்லாரையும் மிஞ்சியவர் சாமுவேல் அண்ணாச்சி. தோல் பை கடை வைத்திருந்தார். லேபுக்கு ஒரு எலும்புக்கூடு வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பிளாஸ்டிக்கில் ஆள் உயர எலும்புக்கூடு ஒன்று வாங்கி வந்தார். "எங்க அப்பா பேரை எழுதிரும்" என்றார்.

"அண்ணாச்சி, எலும்புக்கூட்டுலயா?"

"ஏன் வே, என் எலும்புக்கூடு மட்டும் எளப்பமா?"

இடுப்பெலும்பில் "வேதமுத்து நினைவாக" என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் படித்துப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் அதை வேதமுத்து தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பரீட்சைக்குப் போகும் முன் அதன் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அண்ணாச்சிக்கு அதில் பரம திருப்தி.

மரியதங்கம் அக்கா விஷயம் வேறு. ஒர்க்‌ஷாப்காரர்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்துப் பிழைத்தவள். அவள் கணவர் அருளப்பன் நகரத்தில் பெயர்போன ஒரு கல்லூரியின் லேபில் துப்புரவு வேலை பார்த்தார். நான் செய்த வேலையில் பாதி அவர் செய்தது, ஆனால் அவரை அங்கே மேஜை துடைக்க மட்டும்தான் விட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பதை முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள் கூட யாரும் "நீயும் பாரேன்" என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "அதுக்குள்ள என்னதான்ட்டி இருக்கும்?" என்று மனைவியிடம் கேட்பாராம். கேட்டுக்கொண்டே செத்தும் போனார். அவர் பார்த்த வேலைக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் அக்கா எங்கள் லேபுக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தாள். லேபில் அது ஏழாம் நம்பர்.

"உங்க பேரையும் சேத்து எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"போல, கிறுக்கா. செத்தவிய பேரைத்தான போடுதாவ? நான் எதுக்கு இப்பமே போயி அங்க உக்காரணும்?"

அடிப்பாகத்தில் "அருளப்பன் நினைவாக" என்று மட்டும் எழுதினேன். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு கல்லூரி ஞாயிறும் அக்கா நேராக ஏழாம் நம்பரிடம் வருவாள். நான் வெங்காயத்தின் உள்தோலைச் சாமணத்தால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருங்காமல் பரப்பி வைப்பேன். அதன் மேல் சாயம் ஒரு சொட்டு. மேல் கண்ணாடியை ஊசியில் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும், அவசரப்பட்டால் காற்றுக் குமிழி புகுந்துகொள்ளும், அப்புறம் பார்க்கிறவர்களுக்குக் குமிழிதான் தெரியும். ஓரத்தில் வழிகிற சாயத்தை வடிதாளால் ஒற்றிவிட்டு, மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடித்து, "பாருங்க அக்கா" என்பேன். முதல் வருஷம் அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்னல இது?"

"வெங்காயம் அக்கா."

"வெங்காயமா? அட பாவி மனுசா! தெனமும் ரெண்டு கிலோ நறுக்குதேன், வீட்டுலயே காட்டிருப்பேனே!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சாயப் புட்டியை மூடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு.

இனி பிரின்சிபால். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். நல்ல மனிதர்தான், ஆனால் வாயால் உத்தரவு போட மாட்டார். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கீழே "பி." என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். நான் அவருக்கு எதிரிலேயே நிற்பேன். "சார், ஃபேனைப் போடவா?" என்று கேட்டால், பேனாவைத் திறந்து, "போடலாம். பி." என்று எழுதி நீட்டுவார். பொய் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைப்பார். ஆபீஸில் எல்லாருக்கும் இது தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

எங்கள் பி.எஸ்ஸி.க்கு வினை ஒரு கடிதத்தில் வந்தது. லேபையும் கல்லூரியையும் பார்வையிட ஒரு குழு வரும், அவர்கள் சரி என்றால் வகுப்பு தொடரும், இல்லாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து சேர்க்கை கிடையாது. சேர்க்கை இல்லை என்றால் தாராவிப் பிள்ளைகள் மறுபடியும் "சீட் ஃபுல்" வாசல்களில் போய் நிற்க வேண்டும். சபையில் அன்றே உபவாச ஜெபம் வைத்துவிட்டார்கள். பிரின்சிபால் லேபுக்கு வந்து ஒரு சுற்று சுற்றினார். எலும்புக்கூட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றார். அன்று என்னிடம் வாய் திறந்தே பேசினார்.

"தங்கராஜ், இது காலேஜா, கல்லறைத் தோட்டமா? எங்க பாத்தாலும் செத்தவா பேரு! வரவா என்ன நினைச்சுப்பா?"

"சார், எல்லாரும் ஆசையாக் குடுத்தது சார்."

"ஆசையாக் குடுத்தா சரி. அதுக்காக எலும்புக்கூட்டு மேல அட்ரஸ் எழுதணுமா?"

பிறகு பேனாவைத் திறந்துவிட்டார். "எல்லாப் பெயர்களும் அழிக்கப்பட வேண்டும். பி."

இரண்டு நாள் பெயின்ட் அழிக்கிற தின்னரும் துணியுமாக உட்கார்ந்தேன். நானே எழுதிய பெயர்களை நானே அழித்தேன். சண்டைக்கார அத்தைகள், எனக்குத் தொட்டில் ஆட்டிய மாமாக்கள், பாட்டு வகுப்பு எடுத்த உபதேசியார் எல்லாரும் ஒவ்வொருவராகத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பொருள் யார் கொடுத்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தி மட்டும் வரவில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதை வாங்கப் போகிறேன்.

மின்விசிறிகளை என்னால் எட்ட முடியவில்லை. கல்லூரியின் உயரமான ஏணி கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டச் சபைக்குப் போயிருந்தது. ஜனவரி பிறந்தும் நட்சத்திரம் இறங்கவில்லை, ஏணியும் வரவில்லை. பிரின்சிபாலிடம் சொன்னேன். யோசித்தார். "மின்விசிறிகள் நாள் முழுவதும் முழு வேகத்தில் சுழல வேண்டும். பி." சுற்றுகிற விசிறியில் யார் எதை வாசிக்க முடியும்? மனுஷனுக்கு மூளை இருக்கத்தான் செய்தது.

மிச்சம் ஏழாம் நம்பர். தின்னரை ஊற்றித் துணியைக் கையில் எடுத்தேன். அருளப்பன் அண்ணன் ஒரு லேபுக்குள் முப்பது வருஷம் நின்றவர். இங்கே உட்கார ஒரு இடம் கிடைத்தது. அதையும் நான் துடைக்க வேண்டுமா? கை வரவில்லை. மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை டேப் வாங்கி வந்து பெயரின் மேல் ஒட்டினேன். டேப்பின் மேல் "எண் 7" என்று எழுதினேன். உத்தரவை மீறிவிட்டேன் என்று பயமாகவும் இருந்தது, முழுசாக மீறத் தைரியம் இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் நாக்பூர்க்காரர், தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுகிற பெரிய பேராசிரியர். இன்னொருவர் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஒரு அம்மாள், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊர் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

லேபில் ஆறு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தலைவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தின்னர் வாடையில் மூன்று முறை தும்மினார். "தோடா கம் கரோ" என்று விசிறியைக் காட்டிக் குறைக்கச் சொன்னார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காற்றோட்டம் மாணவர்களின் உடல்நலத்துக்கு நல்லது சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் குறிப்பு எழுதுகிறவரின் தாள்கள் பறந்தன. நானும் கிளார்க்கும் மேஜைக்கு அடியில் புகுந்து தாள் பொறுக்கினோம். ஒரு தாள் போய் வேதமுத்து தாத்தாவின் விலாவுக்குள் செருகிக்கொண்டது. அதை நான் மரியாதையாக எடுத்துக் கொடுத்தேன்.

லேப் சாமான்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலைவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கல்லூரி ஒரு சமுதாயத்துக்காகத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமுதாயம் கல்லூரிக்கு என்ன செய்திருக்கிறது? ஆதாரம் காட்டுங்கள். இது முக்கியம்."

பிரின்சிபால் ஃபைலைத் திறந்தார். ஃபைலில் மாலை போட்டுக்கொண்ட ஒரு போட்டோ இருந்தது. மாலை போட்டிருந்தவர் பிரின்சிபால். அவர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் பெயின்ட் இருந்தது. ஆதாரம் அத்தனையையும் இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தெடுத்து, துணியோடு குப்பை லாரியில் ஏற்றிவிட்டேனே! எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃப்யூஸ் போனது. விருந்தாளிகளுக்காகப் பிரின்சிபால் அறையில் வாடகை ஏ.சி., லேபில் தண்ணீர் கொதிக்கிற கரண்ட் அடுப்பு, மேலே ஆறு விசிறி. எங்கள் பழைய வயரிங் எவ்வளவுதான் தாங்கும்? விசிறிகளின் வேகம் குறைந்தது. பிரின்சிபால் சன்னலைக் காட்டி, "அங்கே பாருங்கள், எங்கள் தோட்டம்" என்றார். யாரும் தோட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லார் தலையும் மேலே போனது.

"இறக்கையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தலைவர் கேட்டார்.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "தாய்மொழியில் அறிவியல் கலைச்சொற்கள் சார். மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தாலே பாடம் மனசில் பதியும்."

"பலே. அது என்ன சொல்?"

"அது வந்து... நியூக்ளியஸ்."

அப்போதுதான் அந்த அம்மாள் தலையைச் சாய்த்து, நிற்கப் போகிற விசிறியோடு கண்ணையும் சுற்றி, நல்ல தமிழில் சத்தமாக வாசித்தாள். "அமரர்... ஞானாபரணம்... நினைவாக." பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, "நியூக்ளியஸ் இவர்தானா சார்?" என்று கேட்டாள்.

பிரின்சிபாலின் கண்ணாடி கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்த அம்மாள் மதுரைப் பக்கமாம். ஆறு விசிறியையும் நடந்து நடந்து வாசித்து முடித்தாள். தலைவருக்கு அர்த்தம் சொன்னாள். தலைவர் செருமுவதை நிறுத்திவிட்டார். "யார் இவர்கள் எல்லாம்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் போய் ஏழாம் நம்பரின் டேப்பைப் பிய்த்தேன். "சாப், யே பீ தேக்கோ" என்று இதையும் பார்க்கச் சொல்லித் தொடங்கி, எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் அருளப்பன் அண்ணன் கதையைச் சொன்னேன். பெஞ்ச், பீரோ, ஸ்டூல் எல்லாவற்றிலும் இப்படிப் பெயர் இருந்தது, வெட்கப்பட்டு நாங்களே அழித்துவிட்டோம் என்றும் சொன்னேன். ஹிந்தி தப்பும் தவறுமாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா?"

"தாராவியில் இருக்கிறார் சாப். இப்போது டப்பா கட்டிக்கொண்டு இருப்பார்."

"கூப்பிடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

டாக்ஸி அனுப்பினோம். அக்கா அடுப்படியிலிருந்து எழுந்த கோலத்தில் வந்து இறங்கினாள். என்னமோ ஏதோ என்று பதறியிருக்கிறாள், கையிலிருந்த காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வந்ததும் ஏழாம் நம்பரைத்தான் பார்த்தாள். பாதி பிய்ந்த டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னல ஒட்டு? அடி பட்டுட்டா?"

"பேரை மறைச்சு வச்சிருந்தோம் அக்கா. பெரிய ஆளுங்க வாராங்கன்னு."

அவள் என்னையும் பிரின்சிபாலையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றாகத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். "அந்த மனுசனுக்கு இது பழக்கந்தான். லேபுக்குள்ள யாரு அவரைக் கண்டா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் செருப்பைக் கழற்றி என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

தலைவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இவருக்குக் காட்டிட்டியா? வெங்காயம் எங்க?"

வெங்காயம் இல்லை. குழுவுக்காகக் கடையில் வாங்கிய ஸ்லைடுகளை அடுக்கியிருந்தோம், அதில் என்னென்னவோ இருந்தது, வெங்காயம் மட்டும் இல்லை. அக்கா தன் பைக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் உரித்தேன். அவசரப்பட்டதில் முதல் ஸ்லைடில் குமிழி புகுந்துவிட்டது. "நிதானமாச் செய்யேன்ல, என்ன அவசரம்?" என்று அதட்டினாள். இரண்டாவது சரியாக அமைந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியோடு குனியப் போனார். அக்கா அவர் தோளைத் தொட்டு நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். "ஏக் ஆங்க் பந்த்" என்று தன் ஒரு கண்ணை மூடியும் காட்டினாள். பெரிய பேராசிரியர் முதல் வருஷப் பிள்ளை மாதிரி அடங்கிப் பார்த்தார்.

"க்யா தேக்கா?" என்று, என்ன பார்த்தார் என்பதை ஹிந்தியில் கேட்டாள்.

"ப்யாஸ்" என்று வெங்காயத்தை ஹிந்தியில் சொன்னார் அவர்.

"அதான். முப்பது வருசமாக் கேட்டுட்டே இருந்தாரு, வெறும் ப்யாஸ்!" என்று அக்கா சிரித்தாள். தலைவரும் சிரித்தார். தமிழ் தெரிந்த அம்மாள் மட்டும் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்று எங்கள் தோட்டத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. வகுப்பு தொடரலாம். சமுதாயத்தின் ஆதரவு என்ற இடத்தில் நல்ல வார்த்தையாக நாலு எழுதியிருந்தார்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பேனாவைத் திறந்தார். "எல்லாப் பெயர்களும் மீண்டும் எழுதப்பட வேண்டும். பி." இரண்டு தாளும் இன்றும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

எந்தப் பெயரை எதில் எழுதுவது? நினைவிலிருந்து எழுதினேன். சத்தியமாக எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். கல்லூரி ஞாயிறு அன்று சபை வந்தது. பத்து நிமிஷத்தில் லேபில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. பீரோ கொடுத்தவரின் அப்பா வாளியில் இருந்தார். வாளி கொடுத்தவரின் மாமியார் பீரோவில் ஏறியிருந்தார். ஜென்மப் பகை கொண்ட இரண்டு குடும்பத்துப் பெரியவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். தினமும் தாத்தா என்று கூப்பிட்ட எலும்புக்கூட்டின் இடுப்பில்கூட, எழுதுகிற அவசரத்தில், கடிகாரம் கொடுத்தவரின் மாமனார் பெயரை எழுதியிருந்தேன். சாமுவேல் அண்ணாச்சி அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பாவை எங்க வே கொண்டு வச்சேரு?" என்று கத்தினார். வேதமுத்து தாத்தாவைக் கடைசியில் சுவர்க்கடிகாரத்தில் கண்டுபிடித்தோம். ஒரு மாதம் திருத்தினேன்.

அந்தக் கலவரத்தில் நான் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். ஏழாம் நம்பரில் கணவர் பெயருக்குக் கீழே சின்னதாக "மரியதங்கம்" என்று எழுதியிருந்தேன். கல்லூரியைக் காப்பாற்றியவள் பெயர் எதிலுமே இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஏல, என்னைய உசுரோட கொண்டு போயி சேத்துட்டியா? அழிச்சிருல முதல்ல! எனக்கு நெஞ்சு படபடங்கு."

தின்னரை எடுத்து அவள் முன்னாலேயே அழித்தேன். காய்ந்த பிறகும் விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

இது நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பிரின்சிபால் ஓய்வு பெற்றார், பின்னால் நானும் பெற்றேன். இப்போது கோபர்கைரனேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிறு கல்லூரி ஞாயிறு. பெயின்ட்டில் பெயர் எழுத அதுதான் கடைசி நாள், மறுநாளிலிருந்து டிவி என்று பிரகாஷ் சொல்லியிருந்ததால் போனேன். லேபுக்குள் நுழைந்ததும் அவன் முகமெல்லாம் பல்லாக ஒரு புது ஸ்டூலைக் கொண்டு வந்து வைத்தான். சபையும் ஊழியர்களும் சேர்ந்து எனக்காகக் கொடுத்ததாம். தமிழ் வராத பையன், பக்கத்து ஸ்டூலைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான்.

"அமரர் தங்கராஜ் நினைவாக."

பிரகாஷின் அம்மா, நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பையனின் எழுத்து அருமையாக இருந்தது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிரகாஷுக்கு யாரோ விஷயத்தைச் சொல்ல, பாவம், "சாரி அங்கிள், சாரி" என்று தின்னர் தேடி ஓடினான். நான் அந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உயரம் சரியாக இருந்தது. உட்கார்ந்தபடியே வெங்காயம் உரித்தேன். மரியதங்கம் அக்கா இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள், கண்ணும் மங்கிவிட்டது. ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

"என்னல இது?"

"வெங்காயம் அக்கா."

சிரித்தாள். பிறகு ஸ்டூலைச் சுற்றி வந்து, என் பெயரைத் தடவித் தடவி வாசித்தாள். வாசலில் டிவி மாட்டுகிற ஆட்கள் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது.

"அந்த டிவில ஓடுத பேரு, கரண்டு போனா போயிரும்லா?"

"போயிரும் அக்கா."

"கூறுகெட்டவனுக. நம்ம பேரு வெளிய தெரிஞ்சதே அன்னைக்குக் கரண்டு போனதுனாலதான" என்றாள். கொஞ்ச நேரம் ஏழாம் நம்பரின் அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பெயின்ட் டப்பா இன்னும் இருக்கால?"

"இருக்கு அக்கா. எதுக்கு?"

"அவரு பேருக்குக் கீழ என் பேரை எழுது."

"அக்கா, நீங்கதான அன்னைக்கு..."

"அன்னைக்குத் தனியாப் போயி உக்காரப் பயமா இருந்துச்சு. இப்ப நீயும் உள்ள வந்துட்டல்லா, எனக்கு என்ன பயம்? எழுதுல."

பிரகாஷிடம் பிரஷை வாங்கினேன். முத்து முத்தாக வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். காய்கிற வரை அக்கா பக்கத்திலேயே நின்று வாயால் ஊதிக்கொண்டிருந்தாள்.